ஞாயிற்றுக்கிழமை ராஜா

நவம்பர், மார்ட்டின் திருநாள் கழிந்த மூன்றாம் நாள்

அன்புத் தம்பி ஹாமனுக்கு,

உன் அக்கா ஏவிஸ் சொல்லச் சொல்ல, நம் பாதிரியார் எழுதுவது. நாங்கள் எல்லோரும் சுகம். பன்றி அடித்து உப்புக்கண்டம் போட்டாயிற்று. போன வருஷம் நீ வாலைப் பிடித்து இழுத்து, சேற்றில் விழுந்து எழுந்தாயே, அந்தப் பன்றியின் தங்கை இது. இதையெல்லாமா எழுதுவது என்று பாதிரியார் கேட்கிறார். எழுதுங்க சாமி, அவன் சிரிக்கட்டும் என்றேன்.

விஷயத்துக்கு வருகிறேன். புது ராஜாவின் ஆள் ஒருவர் கறுப்புக் குதிரையில் வந்தார். கோயில் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து, ஆவணி மாதச் சண்டைக்கு இந்த ஊரில் யார் போனார்கள், எந்தப் பக்கம் நின்றார்கள் என்று வீட்டுக்கு ஒருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். என் முறை வந்தபோது எழுந்து மேசை முன்னால் போனேன். உள்ளதைச் சொன்னேன். நம் பிரபு கூப்பிட்டதால்தான் நீ போனாய். பழைய ராஜாவின் காட்டுப்பன்றிச் சின்னம் தைத்த சட்டையோடு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் பாளையத்தில் இருந்தாய். சாயங்காலம் காய் ஆப்பிளைத் தின்று வயிறு கெட்டு வேலிக்குப் பின்னால் ஒதுங்கியவன், அப்படியே நடந்து, இப்போது இருக்கிறாயே அந்த மடத்தில் போய் அடைக்கலம் கேட்டாய். மறுநாள் திங்கட்கிழமை சண்டை நடந்து பழைய ராஜா செத்தபோது நீ அங்கே இல்லவே இல்லை.

"ஞாயிறு இருந்தான், திங்கள் இல்ல. அப்படித்தானேம்மா?" என்று அவர் இரண்டு தரம் கேட்டார். கோயிலுக்குள் போய்ப் பீடத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தேன். எழுதிக்கொண்டு, ரொம்ப நன்றி என்று சொல்லிப் போனார். மரியாதையான மனிதர்.

சாராயக்கடை மேபல் இதைக் கேட்டுவிட்டு, "உன் தம்பியக் காப்பாத்துனது ராஜாவும் இல்ல, மாதாவும் இல்லடி, புளிச்ச ஆப்பிளுதான்!" என்கிறாள்.

புது ராஜா கெட்டவரில்லை போலிருக்கிறது. தை மாதம் பழைய ராஜாவின் வெள்ளை ரோஜா வீட்டுப் பெண்ணையே கட்டப்போகிறாராம், இரண்டு வீட்டுச் சண்டையும் தீர்ந்துவிடுமாம். இனி எந்தப் பிரபுவும் தன் சின்னத்தைப் போட்டு ஆள் சேர்க்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டாராம். நீ வண்டியில் கொடுத்தனுப்பிய உன் பழைய சட்டையின் பன்றியை நானும் பிரித்துவிட்டேன். துணி வெளுத்துப்போய், பன்றி இருந்த இடம் மட்டும் பன்றி மாதிரியே புதுசாக இருக்கிறது. என்ன செய்வது என்று தெரியவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வந்துவிடு. நடந்து வர வேண்டுமே என்று கம்பளிக் கையுறை ஒரு ஜோடி பின்னி, மடத்துக்கு ஆட்டுமயிர் வண்டி ஓட்டும் வாட்டிடம் கொடுத்திருக்கிறேன். நீ வரப்போவதை ஊரெல்லாம் சொல்லிவிட்டேன்.

மாதா துணையோடு வழி பார்த்திருக்கும்,
அக்கா ஏவிஸ்

நிக்கலஸ் திருநாள், கிறிஸ்துமஸுக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை

தம்பி ஹாமனுக்கு,

முதலில் இதைக் கேள். வராதே. மடத்து எல்லைச் சிலுவையைத் தாண்டி ஓர் அடி வைக்காதே, அதற்குள் இருக்கிறவரை யாரும் உன்னைப் பிடிக்க முடியாது. சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகு.

நேற்று பாதிரியார் சந்தையிலிருந்து வந்தார், முகமே சரியில்லை. லண்டன் சபையில் எழுதிய சட்டத்தை அங்கே வாசித்தார்களாம். புது ராஜாவின் ஆட்சி சண்டைக்கு முந்தின நாளே, அந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிவிட்டதாம். ஆகவே ஞாயிற்றுக்கிழமை பழைய ராஜாவின் பாளையத்தில் நின்றவன் எல்லாம் ராஜத் துரோகியாம்.

எனக்குப் புரியவே இல்லை. "அன்னைக்குப் பழைய ராஜா உசுரோடதான சாமி இருந்தாரு? கிரீடம் அவரு தலையிலதான இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"அன்னைக்கு இருந்துச்சும்மா. இப்ப எழுதுனதுல இல்ல" என்றார்.

மேபல் கடையில் இதே பேச்சுதான். வாட், "அப்ப நானும் கல்யாணத்துக்கு மொத நாளே புருஷன்தான்னு சொல்லியிருக்கலாம் போலிருக்கே" என்றான். "கல்யாணமாகி இருவது வருஷமாச்சு, இன்னமும் நீ புருஷனாகலன்னு உன் பொண்டாட்டி சொல்றா, போய்யா" என்றாள் மேபல். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் அந்த மரியாதைக்காரர் ஏன் இரண்டு தரம் கேட்டார் என்று புரிந்தது. திங்கட்கிழமையைப் பொத்திப் பொத்தி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமையை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், சத்தியமும் பண்ணி.

நம் பிரபுவின் நிலமெல்லாம் போய்விட்டது. அவர் வாசலில் இப்போது புது ராஜாவின் சிவப்பு ரோஜாக் கொடி. கறுப்புக் குதிரைக்காரர் மறுபடியும் வந்தார். ஏவிஸின் தம்பி கிறிஸ்துமஸுக்கு வருகிறானாமே என்று மாவரைக்கும் ஆலைக்காரனிடம் விசாரித்திருக்கிறார். ஊரெல்லாம் சொல்லி வைத்தவள் நான்தானே.

பாதிரியார் தைரியம் சொல்கிறார். சின்ன ஆட்களைத் தூக்கில் போட்டு ராஜாவுக்கு என்ன லாபம், மன்னிப்புப் பத்திரம் எழுதிக் கேட்போம், முத்திரை போட்டு வரும் என்கிறார். வரட்டும். வந்தபின் நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். அதுவரை ஆடு மேய்த்துக்கொண்டு அங்கேயே இரு. யார் வந்து அக்கா கூப்பிட்டாள் என்று சொன்னாலும் நம்பாதே. நான் கூப்பிடவில்லை.

அந்தச் சட்டையை அடுப்பில் போட்டுவிட்டேன்.

முதல் கடிதத்தைக் கொடுத்தபோது நீ அங்கேயே கையுறையை மாட்டிப் பார்த்தாயாம். "ஒரு வாரத்துல கெளம்பிடுறேன்னு அக்காகிட்ட சொல்லு" என்றாயாம். வாட் இதை இன்றைக்குத்தான் சொன்னான், சந்தோஷச் செய்தி என்று நினைத்து. அந்த ஒரு வாரத்தை விரலுக்கு ஒரு நாளாக எண்ணிப் பார்க்கிறேன். எண்ண முடியவில்லை.

இந்தக் கடிதம் போகும்போது நீ அங்கே இருந்தால், பதில் எழுதச் சொல்லி யாரையும் தேடாதே. கையுறையில் ஒன்றைக் கழற்றி வாட்டிடம் கொடுத்துவிடு. அது வந்தால் போதும், நீ உள்ளே இருக்கிறாய் என்று தெரிந்துகொள்வேன். இன்னொன்று உன் கையிலேயே இருக்கட்டும். இரண்டும் மறுபடி ஜோடி சேர மாதா அருள் புரியட்டும்.

ஒரே ஒரு கையுறை, தம்பி. வண்டி வரும் வழியிலேயே நிற்கிறேன்.

உன் அக்கா ஏவிஸ்