உயிர் வந்து சேரும் கதவு

பிப்ரவரி 5, திங்கள்

"அறுவை சிகிச்சை முடிந்ததும் உங்களை வீட்டுக்கு அழைத்துப் போய் ஒரு ராத்திரி கூட இருப்பது யார்?" மருத்துவமனைச் செவிலி கேட்டாள். பெயர் தராவிட்டால் வெள்ளிக்கிழமை பித்தப்பையை எடுக்க மாட்டார்களாம். தாய்லாந்து அகதி முகாமிலிருந்து அமெரிக்காவின் செயின்ட் பாலுக்கு வந்து நாற்பத்து நான்கு வருடம். இங்குள்ள எங்கள் மோங் இனக் குடும்பங்களில் பாதி எனக்கு ஏதோ ஒரு வழியில் உறவு. ஒரு பெயர் வாயில் வரவில்லை.

பிப்ரவரி 6

தம்பி சோங் நெங்குக்குப் போன் செய்தேன். "ஒரு ராத்திரி உன் வீட்டுல படுத்துக்கறேன்டா."

"ஒரு ராத்திரியா..." என்று இழுத்தான். பின்னாலிருந்து அவன் மனைவி கியா, "வரச் சொல்லுங்களேன், இதுக்கென்ன யோசனை!"

"குலத்துப் பெரியவங்களக் கேட்டுச் சொல்றேன்க்கா."

கல்யாணமாகிப் போனவளின் உயிர் கணவன் குலத்துடையது. என்னைப் போல விவாகரத்து ஆனாலும் பிறந்த வீட்டு ஆவிகள் அவளைத் திரும்பச் சேர்ப்பதில்லை. அவள் அங்கே சாகக் கூடாது. நான் ஆவிகளை நம்புகிறவள் இல்லை. கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். பித்தப்பை எடுத்துச் செத்தவர்கள் எவ்வளவு குறைவு என்று அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லி — கெஞ்சவா?

பிப்ரவரி 7

போன் வரவில்லை.

பிப்ரவரி 8

செவிலியிடம் சோங் நெங் பெயரையும் எண்ணையும் கொடுத்துவிட்டேன். அவனுக்குத் தெரியாது. நாளைக்கு யாரும் வரலைன்னா என்ன பண்ணுவாங்க? அங்கேயே உக்கார வெச்சிருப்பாங்களா? உக்கார்றேன்.

பிப்ரவரி 10, சனி

நேற்று கண் விழித்தபோது சோங் நெங் பக்கத்தில் இருந்தான். செவிலி கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறாள்.

"ஊருக்கெல்லாம் என் பேரக் குடு, எனக்கு மட்டும் சொல்லாத. பெரிய படிப்பு!"

பெரியவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்களாம். அதைச் சொல்ல வாய் வராமல்தான் போன் செய்யவில்லை. காரை என் வீட்டுக்கு ஓட்டினான்.

கோழியும் முட்டையும் அரிசியுமாகக் கியா வாசலில் நின்றாள். மயக்க மருந்து கொடுத்த இடத்தில் உயிர் தங்கிவிடும், கோழி, முட்டை வைத்துக் கூப்பிட்டு வர வேண்டும் என்பார்கள் எங்களவர்கள். ஆண்துணை இல்லாத வீட்டுக்கு யாரும் உயிரைக் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. அவன் கதவை அகலத் திறந்து, ஊதுவத்தி கொளுத்தி, தாழ்வாரத்தைப் பார்த்துக் கூப்பிட்டான்: "அக்கா உயிரே, ஆஸ்பத்திரியில நிக்காத. பனியில நிக்காத. வீட்டுக்கு வா. மூணாவது மாடி, முந்நூத்தி நாலு."

ஊதுவத்திப் புகைக்குக் கூரையிலிருந்த எச்சரிக்கை மணி அலறியது. எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். கியா துண்டை விசிறிக்கொண்டே, "நிறுத்தாதீங்க, பாதிப் படியில நிப்பாங்க!" என்றாள். சிரித்தேன், தையல் வலித்தது.

அவன் என் கூடத்தில் படுத்தான். காலையில் கிளம்பும்போது, "நம்பறியா?" என்று கேட்கவில்லை. "அடுத்த வெள்ளி வரேன்" என்றான்.