சலவை அறையில் இரண்டு கொடிகள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், அதைத் தவிர இப்போது எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. நான் இருக்கிறேன். நலம் என்று எழுதக் கை வரவில்லை, ஆனால் வேலைக்குப் போகிறேன், அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன், பசித்தால் சாப்பிடவும் செய்கிறேன். போனில் பேசினால் நீ ஒரு பக்கம் அழுகிறாய் நான் ஒரு பக்கம் அழுகிறேன், சொல்ல வந்ததைச் சொல்லாமலே வைத்துவிடுகிறோம், அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் நாட்டுக்கு வரும் கடிதத்தை எல்லாம் பிரித்துப் படித்துவிட்டுத்தான் அனுப்புகிறார்களாம். படிக்கட்டும். என் கோழிக்கிறுக்கலைப் படிக்கப்போகிற மகராசன்தான் பாவம்.

போன வாரம் நான் வேலை பார்க்கும் அரசு விருந்தினர் மாளிகையில்தான் நம் நாட்டுக்கும் உங்கள் நாட்டுக்கும் பேச்சுவார்த்தை நடந்தது, டிவியில் பார்த்திருப்பாய். மேசை விரிப்பு, கைத்துண்டு, கொடி எல்லாம் முதலில் எங்கள் சலவை அறைக்குத்தான் வரும். இரண்டு கொடியும் ஒரே உயரம் நிற்க வேண்டும், ஒன்றில் சுருக்கம் இருந்து மற்றதில் இல்லாவிட்டால் அதற்குக்கூட அர்த்தம் எடுத்துக்கொள்வார்களாம். மேற்பார்வை பார்க்கிற பெண் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, அவங்க கொடிய நீங்க தொட வேணாம்க்கா, வேற யாராவது தேய்க்கட்டும் என்றாள். நல்ல மனசு அவளுக்கு. நானேதான் தேய்த்தேன். பெத்த புள்ளைய முழுங்கினவன் கொடிய இப்படித் தடவித் தடவித் தேய்க்கிறியே, உனக்குச் சூடு சொரணை இருக்கா என்று துணிக்குக் கஞ்சி போடுகிறவள் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். சூடு இஸ்திரிப் பெட்டியில இருக்கு, அது போதும் என்றேன். அப்புறம்தான் சொன்னேன், என் பேத்தி தினம் காலையில பள்ளிக்கூடத்துல இந்தக் கொடிக்கு முன்னாலதான்டி நிக்கிறா, அதுல சுருக்கம் இருக்கலாமா என்று. சாயங்காலம் அவளே டீ வாங்கிவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

கடல் ஏறினால் முங்கிப்போகிற ஒரு பாறை, அதற்காக நம் ரோந்துப் படகும் உங்கள் நாட்டு ரோந்துப் படகும் முட்டிக்கொண்டு உன் தம்பி தண்ணீருக்குள் போனான். மாளிகையில் பரிமாறுகிறவர் விவரம் தெரிந்தவர், அவரிடமே கேட்டேன், அந்தப் பாறையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று. பாறையில ஒண்ணுமே இல்லம்மா, பக்கத்துல போற கப்பல் வழிதான் விஷயம், எண்ணெய்க் கப்பல் எல்லாம் அந்தப் பக்கம்தான் போகுது, பாறை யார் கையிலயோ வழி அவங்க கையில, பெரிய நாடுங்க வேற பின்னால நின்னு கொம்பு சீவி விடுறாங்க என்றார். புரிந்தது. புரிந்து என்ன செய்ய? கடைசியில் கூட்டறிக்கை விட்டார்கள், நடந்த சம்பவத்துக்கு இரு தரப்பும் வருந்துகின்றன என்று. அப்பா அந்தப் பேப்பரை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டே இருந்தார். அவன் பேரைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் அதே அறிக்கையில் வர்ற மாசத்திலிருந்து விமானமும் விசாவும் மறுபடி உண்டு என்று போட்டிருக்கிறது. தம்பியைத் தூக்கிக்கொண்டு போன அன்று வழி மூடிக் கிடந்தது, நீ வராததில் உன் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டும்மா நான் அங்க வருவேன் என்று கேட்டாயே, அதுதான் என்னை அறுக்கிறது. நீ கட்டிக்கொண்டது ஒரு நல்ல மனுஷனை, படகை இல்லை. மாப்பிள்ளை போனில் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேச முடியாமல் அழுதாராம், நம்ம புள்ளைதான்டி அவரும் என்று அப்பா சொன்னார். அவரையும் கூட்டிக்கொண்டு வா. தெருவில் எவளாவது வாயைத் திறந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்று இருக்கிறது, அதை யாரிடமும் சொல்லவில்லை. முகாமிலிருந்து தம்பியின் துணிப்பையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். லீவுக்கு வந்தால் அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் நான் பையைப் பிடுங்கித் தொட்டியில் கொட்டுவேன், முதல்ல என்னைப் பாரும்மா, அப்புறம் அழுக்கைப் பாக்கலாம் என்று கத்துவான், உனக்குத் தெரியுமே. அந்தப் பழக்கத்தில் கை தானாகக் கொட்டி ஊறவைத்துவிட்டது. கும்மி அலசிக் காயப்போட்டுத் தேய்த்து மடித்து அலமாரியில் வைத்த பிறகுதான் ஒரு சட்டையை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தேன். சோப்பு வாசம். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன், எல்லாம் சோப்பு வாசம்தான். அவன் தலையணை உறையைக்கூட நான் விட்டுவைக்கவில்லை. இந்த வீட்டில் அவன் வாசம் எங்கேயும் இல்லையடி, அவ்வளவு சுத்தமாகத் துவைத்திருக்கிறேன்.

குட்டியை வெறுங்காலோடு ஓட விடாதே, நீ நேரத்துக்குச் சாப்பிடு. நீங்கள் மூன்று பேரும் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், என் ஆயுசையும் சேர்த்து.

பிரச்சினை கிளம்பும் முன்னால் தம்பி உன் வீட்டுக்கு வந்திருந்தபோது கதவுக்குப் பின்னால் ஒரு நீலச் சட்டையை மாட்டி மறந்துவிட்டு வந்தான், வேர்வை நாத்தம் தாங்கலம்மா, அடுத்த தடவை வந்து அவனே துவைச்சுக்கட்டும் என்று சொல்லிச் சிரித்தாயே. துவைத்துவிட்டாய் என்றால் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாதே, நீ மட்டும் வா. துவைக்கவில்லை என்றால் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றுப் போகாமல் வாயை இறுக்கிக் கட்டி எடுத்து வா.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அம்மா