தோளில் ஆளைத் தூக்கி ஏறும் படிகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கத்துடன் உன் மகள் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். உன் முட்டி வலி தேவலையா?

போன வாரம் இங்கே ஒரு சின்னச் சண்டை. பயப்படாதே, வேலை போகவில்லை. எங்கள் கால்பந்துப் பெண்கள் ஒரு ஆட்டத்தில் தோற்றுவிட்டார்கள். மறுநாள் காலை தலைமைப் பயிற்சியாளர், ஒருவரையொருவர் தோளில் தூக்கிக்கொண்டு கேலரிப் படி ஏறச் சொன்னார். தண்ணீரும் கிடையாதாம். கல்லூரியில் உன் முட்டியைக் கெடுத்து, உன் ஓட்டத்தையே நிறுத்திய அதே பயிற்சி. உடற்தகுதிப் பயிற்சியாளராக இவர்கள் உடம்புக்குப் பொறுப்பு நான். முடியாது என்றேன்.

"நாங்கல்லாம் இப்படித்தான் வளந்தோம். செத்தா போயிட்டோம்?" என்று கத்தினார்.

"சாகல சார். ஆனா உங்ககூட ஆடினவங்கள்ல எத்தன பேரு இன்னிக்கு வலியில்லாம மாடி ஏறுறாங்க?"

மனிதர் விசிலை என்னிடம் நீட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். பெண்களைத் தண்ணீர் குடிக்க வைத்து, 'பொம்பளைக்கு எதுக்கு' என்று அன்று கல்லூரியில் உன்னைத் தொடவிடாத அந்த எடைக் கம்பியை நிதானமாகத் தூக்க வைத்தேன். பிறகு ஓய்வு. நேற்றைய ஆட்டத்தில் எதிரணி இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கியபோதும் இவர்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள். ஜெயித்துவிட்டோம்!

அப்புறம் அவர் மெல்ல என் பக்கம் வந்து, "என் முட்டிக்கும் ஏதாவது சொல்லும்மா" என்றார். அவருக்குச் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன்: நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல், மெதுவாக எழுந்து பழகு.

ஒன்று கேட்கட்டுமா? நான் ஃபோன் செய்யும்போது டிவியை நிறுத்தாதே. அப்பா இருமினாலும் இருமட்டும். நம் வீட்டுச் சத்தம் கொஞ்சம் கேட்க வேண்டும்.

நான் ஏறாமல் எங்கள் அணியின் பஸ் கிளம்பாது என்று தெரிந்தும் பெண்கள் ஹாரனை அடிக்கிறார்கள். ஓடுகிறேன்.

உன் மூத்தவள்