நீர்வேலிக்குப் போன சாமான்கள்

மானிப்பாய்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் தக்சாயினிக்கு,

மருதடிப் பிள்ளையார் புண்ணியத்தில் அப்பாவின் இருமலைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் சுகம். உன் சுகத்தை நீ சொல்லாவிட்டாலும் உன் பேஸ்புக் சொல்லிக்கொண்டிருக்கிறது, அதுவும் நீர்வேலிச் சின்னம்மாவின் படத்துக்குக் கீழே. போன் எடுத்துச் சொன்னால் நீ இடையில் சிரிப்பாய், நான் கோபத்தில் வைத்துவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். லீவில் வந்த றோய் தம்பி ஞாயிற்றுக்கிழமை உங்கள் நோர்வேக்குத் திரும்புகிறார், வறுத்து இடித்த மிளகாய்த்தூளோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். தூளை எடுத்துக்கொண்டு கடிதத்தைப் பிறகு பார்க்கலாம் என்று மூலையில் போட்டுவிடாதே.

ஆவணிக் கலியாணத்துக்கு மண்டபம் சரி, ஐயருக்கும் சொல்லியாயிற்று. சட்டை தைக்கிற பிள்ளை உன் அளவு கேட்கிறாள், நீ மெலிந்துவிட்டேன் என்று சொன்னதை நான் நம்பவில்லை, நாடா பிடித்து அளந்து அனுப்பு. சயந்தனுக்கு வேட்டி கட்ட இப்போதே பழக்கு, முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளையைச் சுற்றி நாலு பேர் நின்று முடிச்சுப் போடக்கூடாது. இதெல்லாம் சில்லறை. பெரிய விஷயத்துக்கு வருகிறேன். சின்னம்மா தன் வேலையறையைப் படம் பிடித்துப் போட, நீ அதன் கீழே எழுதியது எனக்கு இப்போது பாடம். "ஐயோ சின்னம்மா, இதைப் பாக்க அழுகை வருது. நான் கலியாணப் பொம்பிளையா வெளிக்கிடுற படமெல்லாம் இந்த அறையிலைதான் எடுக்கவேணும், தட்டங்களும் நீங்கள்தான் சோடிக்கவேணும்" என்று எழுதினாய். பழைய தகரத்தைப் பார்த்து அழுகிற பிள்ளையை நான் பெற்றதாக ஞாபகம் இல்லை. இந்த ஊரில் எத்தனை கலியாணத்துக்கு, எத்தனை சாமத்தியவீட்டுக்கு நான் பூவும் நாடாவும் வைத்துத் தட்டம் சோடித்துக் கொடுத்திருக்கிறேன். உன் சின்னம்மாவுக்குக் கத்தரிக்கோல் பிடிக்கப் பழக்கியதே நான். என் சொந்தப் பிள்ளையின் கலியாணத் தட்டம் நீர்வேலியிலிருந்து வரவேண்டுமோ? அன்று இரவு எனக்குப் புட்டு இறங்கவில்லை. எரிச்சல் பிள்ளை, ஒளிக்க என்ன இருக்கிறது, முழு எரிச்சல்.

அந்த அறையில் நீ பார்த்து உருகிய சாமான் எல்லாம் யாருடையது என்று உனக்குத் தெரியுமோ தெரியாது. ட்றங்குப் பெட்டி, தையல் கைமெசின், வால்வு றேடியோ, சிரட்டைக்கரி போடுகிற இஸ்திரிக்கைப் பெட்டி, அந்த நீல பிஸ்கற் தகரம், எல்லாம் நம்முடையவை. போன வருடத்துக்கு முதல் வருடம் வீட்டுக்கு மாபிள் பதித்தபோது நான்தான் எல்லாவற்றையும் முற்றத்தில் தூக்கிப் போட்டேன். புது வீட்டில் துருவேறிக் கறள் பிடித்த சாமான் எதற்கு என்று நினைத்தேன். சின்னம்மா வந்து பார்த்துவிட்டு, "அக்கா, எறியிறதெண்டால் எனக்குத் தாங்கோ" என்று ஒரு லான்ட்மாஸ்டர் ட்றக்டரில் ஏற்றிக்கொண்டு போனாள். நான் படலையில் நின்று சிரித்தேன். குப்பை அள்ளுகிறாளே என்று அப்பாவிடமும் சொல்லிச் சிரித்தேன். இப்போது அதற்கு வின்டேஜ் என்று பெயராம். கலியாணப் பொம்பிளைகள் யாழ்ப்பாணத்திலிருந்தெல்லாம் நீர்வேலிக்குப் போய், என் ட்றங்குப் பெட்டியில் சாய்ந்து நின்று படம் எடுத்துவிட்டு, அவளிடமே தட்டத்துக்குச் சொல்லிவிட்டு வருகிறார்களாம்.

சும்மா இருப்பேனா? என் வேலையறையையும் அப்படி ஆக்குகிறேன் என்று தொடங்கினேன். அப்பாவைச் சைக்கிளில் அனுப்பி ஒரு மணிக்கூடு வாங்குவித்தேன், ஓடாது, ஓடாததுதான் வேண்டும் என்றேன். பழைய அரிக்கன் லாம்பு அகப்படவில்லை, கடையில் புது லாம்பு ஒன்றை வாங்கி உப்புத் தண்ணீரில் தோய்த்துக் கிணற்றடியில் வைத்தேன், கறள் பிடிக்கட்டும் என்று. அப்பா அதைப் பார்த்து, "இஞ்சாரும் கனகம், இவ்வளவு காலமும் கறள் பிடிக்காமல் இருக்கத்தானே நாங்கள் பாடுபட்டனாங்கள்" என்றார். அவரோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. எல்லாவற்றையும் சுவரில் கொழுவிப் படம் எடுத்து உனக்கு அனுப்பினேன். நீ ஒரு கட்டைவிரல் போட்டாய். சின்னம்மாவுக்கு இதயம், பெற்றவளுக்குக் கட்டைவிரல்.

அடுத்த நாளே யாழ்ப்பாணம் போய் பஸ் மாறி நீர்வேலியில் இறங்கினேன். வாழைத்தோட்டத்து ஒழுங்கையால் நடந்து போகும்போது என்ன சொல்லவேண்டும் என்று யோசித்துக்கொண்டு போனேன். அந்த அறை வடிவுதான் பிள்ளை. பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யன்னலுக்குக் கீழே ட்றங்குப் பெட்டி மூடி திறந்தபடி, அதற்குள் நாடாக் கட்டைகள் நிறம் நிறமாக. றேடியோவின் மேல் கத்தரிக்கோல்கள், இஸ்திரிக்கைப் பெட்டிக்குள் முத்துக்கள். வேலை செய்கிறவளுக்குக் கை நீட்டினால் எல்லாம் எட்டும். ஒரு பிழை பிடிக்கலாம் என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அந்த வயிற்றெரிச்சலில், "என்ரை வீட்டுக் குப்பையிலை பேர் எடுக்கிறாய், இப்ப என்ரை பிள்ளையையும் எடுக்கப் பாக்கிறியோ" என்று கேட்டுவிட்டேன். அவள் கொண்டுவந்த தேத்தண்ணிக் கோப்பையை எனக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு, "உங்கடை சாமான் தானே அக்கா, நாளைக்கு அனுப்பிவிடுறன்" என்றாள். நான் தேத்தண்ணியைக் குடிக்காமல் திரும்பிவிட்டேன்.

சொன்னபடி விடிய லான்ட்மாஸ்டர் வந்து நின்றது. ஒவ்வொன்றும் பழைய சேலையில் சுற்றி, எண்ணெய் பூசித் துடைத்து, ட்றங்குப் பெட்டிக்குப் புதுக் கொளுக்கிகூடப் போட்டிருந்தாள். நான் வென்றுவிட்டேன் என்ற சந்தோசப் புளுகத்தில் அறையைக் காலி பண்ணி, அவள் போட்ட படத்தைப் போனில் வைத்துக்கொண்டு, அச்சொட்டாக அதேபோல் அடுக்கினேன். யன்னலுக்குக் கீழே பெட்டி, பெட்டிக்குள் நாடா, எல்லாம் அதே இடம். அடுக்கி முடித்துப் பார்த்தால் ஏதோ குறைந்தது. படத்தை விரலால் விரித்து விரித்துப் பார்த்தேன். மெசினுக்கு மேலே சுவரில் சின்னதாக ஒரு கண்ணாடிச் சட்டம், அது வரவில்லை. அன்று போனபோதும் அதை நான் கவனிக்கவில்லை, என் கண் என் சாமானில்தானே இருந்தது. உடனே போன் எடுத்து, எல்லாம் தந்ததாகச் சொல்லிக்கொண்டு ஒன்றை ஒளித்துவிட்டாயே என்று கேட்டேன். அதற்கு அவள், "அது தரமாட்டன் அக்கா. அது உங்கடை சாமான் இல்லை, தக்சா செய்த பூ. பிஸ்கற் தகரத்துக்குள்ளை கிடந்தது, நீங்கள் மூடியைத் திறக்காமலே தந்தனீங்கள். படம் போட்ட அண்டைக்கே பிள்ளை போன் எடுத்து, அதைக் கவனமா வைச்சிருங்கோ எண்டு சொன்னவள்" என்றாள்.

போனை வைத்துவிட்டு அந்தப் படத்தை இன்னும் விரித்தேன். றோஸ் நிறக் கிறேப் கடதாசி, காம்புக்குக் கொப்பித் தாள் சுற்றியிருக்கிறது. எனக்கு அப்போதுதான் அந்தப் பின்னேரம் ஞாபகம் வந்தது. நீ ஐந்தாம் ஆண்டு, ஸ்கொலசிச் சோதனை எடுக்கிற வருடம். நான் யாரோ ஒருவரின் பலகாரத் தட்டத்தை முடிக்கும் அவதியில் இருந்தேன். நீ அந்தப் பூவை நீட்டி, "அம்மா, இதையும் வையுங்கோ" என்றாய். "கோணலாக் கிடக்கு, ஆக்களின்ரை தட்டத்திலை வைக்கேலாது, போய் ஸ்கொலசிப் பேப்பரைச் செய்" என்றேன். நிமிர்ந்து பார்க்காமலேயே கோணல் என்றேன் பிள்ளை. நீ அழுததாக எனக்கு ஞாபகம் இல்லை, அந்தத் தகரத்துக்குள் ஒளித்து வைத்திருக்கிறாய். பிறகு அந்தத் தகரத்தையும் நானே முற்றத்தில் எறிந்தேன். நீ எதைப் பார்த்து அழுகை வருகிறது என்று எழுதினாய் என்று எனக்கு இப்போதுதான் விளங்கியது. நீயாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் அம்மா என்ன சொல்லுவாள் என்று உனக்குத் தெரியும் போல.

நேற்று லான்ட்மாஸ்டரை நானே வரச்சொல்லி, எல்லாவற்றையும் திரும்ப நீர்வேலிக்கு ஏற்றிவிட்டேன். கைமெசினை மட்டும் அனுப்பவில்லை, அது என் மெசின். அந்தக் கறள் லாம்பையும் சேர்த்து அனுப்பினேன், அவள் கைக்கு அது எப்படியாவது வடிவாகிவிடும். சின்னம்மாவிடம் மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை, எனக்கு அது வராது, ஒரு கூடை மாம்பழமும் முட்டைமாப் பலகாரமும் வைத்து அனுப்பினேன், அவளுக்கு விளங்கும். தட்டங்களை இரண்டு பேருமாகச் சோடிக்கிறோம், ஆடி முடிய அவள் இங்கே வந்து நிற்பாள். படத்தை அவளின் அறையிலேயே எடு. அந்தச் சட்டத்துக்குக் கீழே நில், அவள் ஒரு பக்கம் நிற்கட்டும், நான் மற்றப் பக்கம் நிற்கிறேன். என் பக்கம் கொஞ்சம் கிட்ட நில். என் எரிச்சல் போய்விட்டது என்று எழுதினால் பிள்ளையாருக்கே அடுக்காது. அவளிடம் உன் பூ இருக்கிறது, என்னிடம் இல்லை.

பிள்ளையார் உன்னையும் சயந்தனையும் நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், நீங்கள் பிள்ளைகுட்டியோடு நீடூழி வாழவேண்டும். அப்பாவின் ஆசியும் இதில் இருக்கிறது, இருமிக்கொண்டே சொல்கிறார். தூளைக் கண்ணாடிப் போத்தலில் போட்டுப் பிறிஜ்ஜில் வை. சட்டை அளவை மறக்காதே. வந்து இறங்கியதும் முதல் வேலையாக என் வேலையறைக்கு வா, றோஸ் கிறேப் கடதாசி வாங்கி மேசையில் வைத்திருக்கிறேன். எனக்கும் ஒரு பூ செய்து தா, உன் கலியாணத் தட்டத்தில் நடுவில் வைக்கிறேன். கோணலாகவே செய்.

நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் அம்மா,
மா. கனகாம்பிகை.