றோல்ஸ் கொண்டுவந்தவர்

அன்புள்ள அப்பா,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகத்தில் நான் ஒரு பிரேசில் எழுத்தாளரைப் பற்றிப் பேசினேன். ஏழை வீட்டுப் பிள்ளை. நாவல்கள் எழுதிப் பெயரெடுத்து, பிறகு மந்திரியானார். துணி வெளுத்துத் தன்னைப் படிக்கவைத்த தாயை, விருந்துக்கு வந்தவர்களிடம் வேலைக்காரி என்று சொன்னார். அதை மட்டும் மன்னிக்க முடியாது என்று அடித்துப் பேசினேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

அப்போதுதான் நீங்கள் மல்வேர்னிலிருந்து இரண்டு பஸ் மாறி, வேலை உடுப்போடு, இரண்டு தட்டு மட்டன் றோல்ஸைச் சுமந்துகொண்டு வந்தீர்கள். மகளின் விசேஷத்துக்கு வெறுங்கையோடு வருவீர்களா?

யார் இவர் என்று பேராசிரியர் கேட்டார்.

"கடையிலிருந்து சாப்பாடு கொண்டுவந்தவர்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அந்தளவு ஆங்கிலம் உங்களுக்குத் தெரியும். தட்டுகளை மேசையில் வைத்தீர்கள். "வேற ஏதும் வேணுமோ, மிஸ்?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் போய்விட்டீர்கள்.

வீட்டிலும் என்னை ஏசவில்லை. "றோல்ஸ் எல்லாருக்கும் போதுமானதா இருந்ததோ, பிள்ளை?" என்று மட்டும் கேட்டீர்கள். "ஓம்" என்றேன். நான் ஒன்றுகூடச் சாப்பிடவில்லை, அப்பா.

பேராசிரியருக்கு இன்று உண்மையை எழுதி அனுப்பிவிட்டேன்.

ஜூனில் எனக்குப் பட்டமளிப்பு. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம். அன்றைக்கு நீங்கள் ஓவர்டைம் கேட்டு வாங்கியிருப்பதாக அம்மா சொன்னார். அதை விட்டுவிட்டு என்னோடு வருவீர்களா?

உங்கள் மகள்