உங்கள் எடைக்குக் கட்டிய மூட்டை

இன்று காலை டிராக்டருக்கு ஃபேன் பெல்ட் வாங்கக் கள்ளக்குறிச்சி உதிரிபாகக் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் யாருக்கோ ஒரு பெட்டியைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். உள்ளே வண்டியின் அடிப்பாக மூட்டுகளில் மாட்டும் புது ரப்பர் புஷ். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் வாங்க வந்தது மறந்துபோய் அப்படியே நின்றுவிட்டேன். மற்ற பெண்களுக்குப் புருஷன் ஞாபகம் வர விபூதி, பூ, சலவை வேட்டி என்று எவ்வளவோ இருக்கும். எனக்கு வாய்த்தது ரப்பரும் கிரீசும். அதற்கும் நீங்கள்தான் காரணம்.

நம் சிவப்பு வண்டி வாங்கும்போது பார்க்கும்படியாகவா இருந்தது? ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றில் தார்ப்பாய்க்கு அடியில் வருஷக்கணக்காகக் கிடந்தது. அறுபதுகளில் கப்பலில் வந்த ஸ்போர்ட்ஸ் கார். மேலே துணி மூடி, உள்ளே இரண்டே இருக்கை. "உங்க அம்மாவுக்கும் எடம் இல்ல, எங்க அம்மாவுக்கும் எடம் இல்ல, யோசிச்சிப் பாரு" என்று சொல்லித்தான் என்னைச் சம்மதிக்க வைத்தீர்கள். மரவள்ளிக் கிழங்கு மண்டி வைத்திருக்கிற ஆளுக்கு இப்படி ஒரு வண்டியா என்று சின்னசேலம் வரைக்கும் சிரித்தார்கள். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள்.

இன்ஜினைச் சீக்கிரமே ஓட வைத்துவிட்டீர்கள். பாடாய்ப்படுத்தியது சஸ்பென்ஷன்தான். கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் வளைவுகளில் வண்டி ஒரு பக்கமாகப் படுத்து எழுந்திருக்கும். பள்ளம் வந்தால் அடிவயிறு தரையில் தேயும். பழைய ஷாக் அப்சார்பரைக் கழற்றிப் போட்டுவிட்டு, கோயம்புத்தூரில் சொல்லிச் செய்த புதியதை மாட்டினீர்கள். முன்சக்கரங்களுக்கு மரை வெட்டிய குழாயில் மாட்டிய ஸ்பிரிங் வந்தது. அதன் அடியில் இருக்கும் வளையத்தை ஸ்பானரால் ஒரு பக்கம் திருப்பினால் வண்டி உயரும், மறுபக்கம் திருப்பினால் தாழும். "ரெண்டு பேரும் உக்காந்தா எப்டி நிக்குதோ அதான் கணக்கு" என்பீர்கள்.

அதனால் அளக்கும்போதெல்லாம் நான் என் இடத்தில் உட்கார வேண்டும். நீங்கள் வண்டிக்கு அடியில் படுத்திருப்பதால் உங்கள் இடத்தில் ஒரு கிழங்கு மூட்டை உட்காரும். மண்டியில் மூட்டை தூக்கும் கொளஞ்சி, உங்கள் எடை எழுபத்தெட்டுக் கிலோவுக்கு, எடைமேடையில் வைத்துச் சரிபார்த்துக் கட்டிக்கொண்டு வருவான். பழைய மூட்டை ஆகாது. கிழங்கு காய்ந்து எடை குறைந்திருக்கும் என்று ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கட்டச் சொல்வீர்கள். "அண்ணன் வந்துட்டாரு, நவுந்து குந்துங்க அண்ணி" என்று அவன் மூட்டையை வைப்பான். அதன் பக்கத்தில் உட்கார்ந்து நான் எவ்வளவு பூண்டு உரித்திருப்பேன்! "உங்களுக்கு இது எவ்ளோவோ மேலுங்க, எதுத்துப் பேச மாட்டேங்குது" என்றால், அடியிலிருந்து உங்கள் சிரிப்பு மட்டும் வரும்.

ஒரு ஆடி மாதம், நாம் இருவரும் கிளம்பி மண்டி வாசலைத் தாண்டும்போது கொளஞ்சி கூப்பிட்டு நிறுத்தினான்.

"அண்ணே, வண்டி அண்ணி பக்கமா சாஞ்சிக்கினு போவுது."

நீங்கள் இறங்கி வந்து பார்த்தீர்கள். வண்டியை இல்லை, என்னை. "இன்னாம்மா, ஜாஸ்தியா சாப்புடுறியா?"

நான் ராத்திரிச் சோற்றைக் குறைத்தேன். வண்டி நிமிரவில்லை. மூட்டையை வைத்து அளந்தால் நேராக நிற்கும். நீங்கள் ஏறி உட்கார்ந்தால் அரை விரல் அளவு என் பக்கம் சாயும். புஷ்களை மாற்றினீர்கள். என் பக்கத்து ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று அதை மாற்றினீர்கள். இருக்கைப் பஞ்சைக்கூடப் பிரித்துப் பார்த்தாயிற்று. அந்த மாதங்களில்தான் உங்கள் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டீர்கள். வெயிலில் அலைகிறீர்கள், இளைக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். பசியில்லை என்று தட்டைத் தள்ளினால், கிரீஸ் கையோடு வந்தால் எப்படிப் பசிக்கும் என்று திட்டினேன்.

உங்கள் கேலி தாங்காமல் ஒருநாள் நானே எடைமேடையில் ஏறிவிட்டேன். "வாங்க, யாரு குண்டுன்னு இன்னிக்கிப் பாத்துடலாம்." என் எடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "தராசு பொம்பளைங்க கட்சி" என்று சிரித்துக்கொண்டே நீங்கள் ஏறினீர்கள். முள் அறுபத்தொன்றில் நின்றது.

கொளஞ்சி மேடையைத் தட்டினான். எடைக்கல்லை வைத்துப் பார்த்தான். தராசு சரியாகத்தான் இருந்தது. கிழங்கை ஒவ்வொரு தடவையும் எடை போட்டோம், உங்களைப் போடவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் உங்கள் மேலும் என் மேலும் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

வயிற்றில் கட்டி என்றார்கள் புதுச்சேரி ஆஸ்பத்திரியில். முன்னாலேயே வந்திருக்கலாமே என்றார் டாக்டர். திரும்பும் வழியில் உளுந்தூர்பேட்டையில் டீ குடிக்க இறங்கியபோது நீங்கள் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான்: "அப்ப ஸ்பிரிங்கு நல்லாதான் இருந்திருக்குது. அநியாயமா கழட்டிட்டேன்." அழுவதா, உங்களை நாலு அடி வைப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அந்த வண்டியைக் கண்டாலே எனக்குப் பயம். நீங்கள் ஏறி உட்காரும்போதெல்லாம், இன்னும் எவ்வளவு குறைந்திருக்கிறீர்கள் என்று அது உங்களிடமே சொல்லிவிடும். நீங்கள் மருந்து மயக்கத்தில் தூங்கும் மத்தியானங்களில், கொளஞ்சியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, உங்கள் பக்கத்து வளையத்தை நானே திருப்பி இறக்கினேன். அப்புறம் இன்னும் கொஞ்சம். மூட்டை சின்னதாகிக்கொண்டே வந்தது. அதைக் கட்டும்போது கொளஞ்சி என் முகத்தைப் பார்க்க மாட்டான்.

கடைசியாக நாம் மலைக்குப் போனபோது, பாதி ஏற்றத்தில் வண்டியை ஓரங்கட்டினீர்கள். கீழே கோமுகி அணைத் தண்ணீர் தெரிந்தது. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமலே கேட்டீர்கள்.

"நேரா போவுதே. எத்தினி சுத்து எறக்குன?"

நான் விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன்.

"வேணாம், சொல்லாத. நல்லாதான் செட் பண்ணிக்கிற."

உங்கள் தோளில் முகத்தை வைத்து அழுதேன். அங்கே எலும்புதான் இருந்தது. நீங்களும் அழுதீர்கள், அதற்கு முன்னால் நான் அதைப் பார்த்ததில்லை. பிறகு வெள்ளிமலை போய்த் தேன் வாங்கிக்கொண்டு, ஒன்றுமே நடக்காதவர்கள் போலத் திரும்பி வந்தோம்.

நீங்கள் போன பிறகு வெகுநாள் நான் வண்டிப் பக்கம் போகவில்லை. ஒருநாள் துணிந்து உங்கள் இடத்தில் ஏறி உட்கார்ந்தேன். வலது பக்கம் அப்படியே புதைந்தது. இவ்வளவு குறைந்த எடைக்கா நான் இறக்கி வைத்திருந்தேன் என்று அப்போதுதான் முழுசாக உறைத்தது.

கொளஞ்சி ஸ்பானரை எடுத்துக்கொண்டு வந்தான். "அப்டியே குந்தியிருங்க அண்ணி, சரி பண்ணிடலாம். பக்கத்து சீட்டுக்கு எவ்ளோ கனத்துல கட்டட்டும்?"

அவன் பழக்கத்தில் கேட்டுவிட்டான். கேட்ட பிறகு ஸ்பானரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மூட்டை வேணாம் கொளஞ்சி," என்றேன். "நான் மட்டுந்தான்."

அப்படித்தான் அளந்தான். அன்றைக்கே மலைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். எந்த வளைவிலும் வண்டி படுக்கவில்லை, அடி தேயவில்லை. இத்தனை வருஷம் நீங்கள் பாடுபட்டது அதற்குத்தானே. இப்போதும் மாதம் ஒருமுறை போகிறேன். நீங்கள் இல்லாமலேயே அது நேராகப் போகிறது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.