காத்தான் செய்தி நிற்கிறது

ரந்தாவ், மலாயா, திங்கள் இரவு.

காத்தானை நாளை கிள்ளான் துறைமுகத்துக்கு அனுப்புகிறார்கள். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி இன்று மாலை என்னிடம் உறுதி செய்தார். காய்ச்சலில் வேலைக்கு ஆகாதவன் என்று அவனை மட்டும் ஊருக்குக் கப்பலேற்றுகிறார்கள். ரப்பர் மரம் சீவத் தெம்புள்ள மனைவி அஞ்சலை இங்கேயே இருக்க வேண்டுமாம்.

இப்படி இருவரையும் பிரிப்பதைப் பற்றிப் பத்திரிகைக்கு நான் அனுப்பிய செய்தி எழுத்துக் கோத்து அச்சுக்கூடத்தில் கிடக்கிறது. தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் பதில் வரும்வரை அது 'நிறுத்திவைப்பு' என்று ஆசிரியர் தந்தி அடித்திருக்கிறார். மறுதரப்பைக் கேட்காமல் எந்தக் குற்றச்சாட்டையும் நாங்கள் போடுவதில்லை. துரையோ சிங்கப்பூரில் இருக்கிறார்.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போய் அஞ்சலையிடம் சொன்னேன்.

"அடிச்சவன்கிட்ட கேட்டுட்டுத்தான் அழணுமாங்க ஐயா?" என்றாள்.

அது எங்கள் வழக்கம் என்றேன்.

"அப்படியே கப்பலையும் நிறுத்திவைக்கச் சொல்லுங்களேன்," என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள்.

அஞ்சலை சிரிக்கவில்லை. துவைத்துப் போட்டிருந்த காத்தானின் வேட்டி மழையில் காயவில்லை. அதை எடுத்துப்போய் அடுப்பருகே விரித்துப் பிடித்துக்கொண்டாள்.

அந்த விதி தவறு என்று இப்போதும் என்னால் எழுத முடியவில்லை.

துரை வியாழக்கிழமை திரும்புகிறார். பதில் அன்று கிடைக்கலாம். கப்பல் புதன்கிழமை புறப்படுகிறது.